அந்தக் கடைசி அம்புக்குறி எங்கே போகுது?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூல நான் வாங்கின ஒரு பல்புல இருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

எங்க டீம் எடுத்த தலைப்பு, புகைபோக்கியில போற வாயுவுல இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சுப் பிடிக்கிறது. அமீன் கரைசல், உறிஞ்சு கோபுரம், ரீபாய்லர் எல்லாத்தையும் சிமுலேஷன்ல ஓட்டி, 90 சதவீதம் பிடிச்சாச்சுன்னு பெருமையா ஸ்லைடு போட்டோம். ப்ளாக் டயகிராமோட வலது ஓரத்துல ஒரு அம்புக்குறி. அது மேல "ஸ்டோரேஜ்"னு ஒரே ஒரு வார்த்தை. வந்திருந்த எக்ஸ்டர்னல் மத்த எதையும் கேக்கல. நேரா அந்த அம்புக்குறி மேல பேனாவை வெச்சார்.

"இது எங்கப்பா போகுது?"

"ஸ்டோரேஜுக்கு சார்."

"ஸ்டோரேஜ்னா எங்க? உங்க ஹாஸ்டல் ஸ்டோர் ரூமுக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சமாளிச்சு, "பூமிக்கு அடியில சார், பழைய எண்ணெய், எரிவாயு வயல்கள்ல" என்றேன். அவர் விடல. "அங்க வெச்சா வெளிய வந்துடாதா?"

என்கிட்ட பதில் இல்ல. மார்க் போனது போகட்டும், அந்தக் கேள்வி மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. நாலு மாசம் ஒரு விஷயத்தைப் பிடிக்கிறதைப் பத்தியே படிச்சிருக்கோம், பிடிச்சதை எங்க வைக்கிறதுன்னு ஒரு நாள்கூட யோசிக்கலையே! லீவுல உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். அதோட சாரம்தான் இது. கெமிக்கல் இல்லாத மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கும் புரியணும்னுதான் எழுதியிருக்கேன், பயப்படாம படிங்க.

முதல்ல, எவ்வளவு இடம் வேணும்?

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுன்னா எவ்வளவுன்னு நமக்கு உடனே தோணாது. அதனால ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது. (பெட்ரோலே முக்கால் கிலோதானே, 2.3 கிலோ எப்படி வரும்னு கேக்காதீங்க. மிச்ச எடை காத்துல இருந்து சேர்ந்த ஆக்சிஜனோடது.) உங்க பைக் லிட்டருக்கு 45 கி.மீ. குடுத்தா, கிட்டத்தட்ட 20,000 கி.மீ. ஓட்டினா ஒரு டன்.

அந்த ஒரு டன்னைச் சாதாரணக் காத்தழுத்தத்துல அடைச்சு வைக்கணும்னா 500 கன மீட்டருக்கு மேல இடம் வேணும். நம்ம கிளாஸ் ரூம் மாதிரி ரெண்டரை ரூம் முழுசா. ஒரு டன்னுக்கே இந்த நிலைமைன்னா, ஒரு சுத்திகரிப்பு ஆலை வருஷத்துக்கு விடுற லட்சக்கணக்கான டன்னை எந்த டேங்குல வைக்கிறது? மேல வைக்கவே முடியாது.

ஆனா கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு குணம் இருக்கு. 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் ஒண்ணா தாண்டினா, அது வாயுவாவும் இருக்காது, திரவமாவும் இருக்காது. தெர்மோ வகுப்புல படிச்ச சூப்பர் கிரிட்டிக்கல் நிலைக்குப் போயிடும். வாயு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் புகும். அடர்த்தி மட்டும் திரவத்துக்குக் கிட்ட வந்துடும்.

பூமிக்குள்ள போகப் போக வெப்பமும் அழுத்தமும் தானாவே ஏறும். ஒரு கி.மீ.க்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி, சுமார் 100 பார். அப்போ 800 மீட்டர் ஆழத்தைத் தாண்டினாலே ரெண்டு நிபந்தனையும் பூர்த்தி ஆயிடுது. அங்க அதே ஒரு டன், ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர்ல அடங்கிடும். ரெண்டரை கிளாஸ் ரூம் எங்க, மொட்டை மாடியில இருக்கிற 1,500 லிட்டர் தண்ணி டேங்க் எங்க! 'ஆழமா வை'ன்னு சொல்றதுக்குக் காரணம் மறைச்சு வைக்கிறதுக்கு மட்டும் இல்ல. அந்த அழுத்தம் நமக்கு இலவசமா கிடைக்குது.

கீழ குகை எதுவும் கிடையாது

நான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தது என்னன்னா, எண்ணெய் வயல்னா தரைக்கு அடியில ஒரு பெரிய குகை, அதுல எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்கும், உறிஞ்சி எடுத்துட்டா குகை காலி. முழுக்கத் தப்பு.

ஒரு வாளி நிறைய ஆத்து மணலை எடுத்துக்கோங்க. வாளி நிறைஞ்சிருக்கு. இப்போ அதுல ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. வழியாது, உள்ள போயிடும். மணலுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில தண்ணி உக்காந்துக்கும். அதே மணல் பல கோடி வருஷம் அழுந்தி இறுகிப் பாறையா ஆனா அதுதான் மணற்பாறை. அந்தப் பாறைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். அதுலதான் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தது. எடுத்த பிறகும் பாறை அப்படியேதான் நிக்குது. உள்ள இருந்த அழுத்தம்தான் குறைஞ்சிருக்கு.

சரி, வாயு லேசானது, மேல ஏறத்தானே பாக்கும்? இவ்வளவு காலம் ஏன் ஏறல? மேல ஒரு மூடி இருந்ததால. களிமண் பாறை, உப்புப் படிவம் இந்த மாதிரி அடுக்குகள். இதை மூடு பாறைன்னு சொல்லலாம். நம்ம ஊர் குளத்துல தண்ணி நிக்கிறதுக்கு அடியில இருக்கிற களிமண்தான் காரணம், மணல் தரையில குளம் வெட்டினா தண்ணி தங்குமா? அதே களிமண் வேலைதான் இங்கயும். என்ன, குளத்துல களிமண் கீழ இருக்கு. இங்க கவிழ்த்து வெச்ச கிண்ணம் மாதிரி மேல இருக்கு.

ஏன் காலியான வயலையே தேடிப் போறாங்க?

கார்பன் டை ஆக்சைடை வைக்க வேற இடமும் உண்டு. நார்வேயோட ஸ்லெய்ப்னர் திட்டத்துல 1996-ல இருந்து, வட கடலுக்கு அடியில இருக்கிற உப்பு நீர் நிறைஞ்ச மணற்பாறைக்குள்ள செலுத்திட்டு வர்றாங்க. அப்படியிருக்க, தீர்ந்துபோன வயலுக்கு என்ன தனிச் சிறப்பு? மூணு விஷயம்.

ஒண்ணு, அந்த மூடி ஏற்கெனவே பரீட்சை எழுதிப் பாஸானது. லட்சக்கணக்கான வருஷமா எரிவாயுவை வெளிய விடாம வெச்சிருந்ததுக்கு அந்த வயல் இருக்கிறதே சாட்சி. கசிஞ்சிருந்தா நாம தோண்டும்போது எதுவும் கிடைச்சிருக்காது.

ரெண்டு, ஜாதகமே கையில இருக்கு. இருபது முப்பது வருஷம் எடுத்திருக்காங்க. எவ்வளவு எடுத்தா எவ்வளவு அழுத்தம் குறைஞ்சது, பாறை எப்படி நடந்துக்கிச்சுன்னு எல்லாத்துக்கும் பதிவு உண்டு. புது இடத்துல இதெல்லாம் தெரியாது.

மூணு, அழுத்தத்துல இடம் காலியா இருக்கு. ஏற்கெனவே தண்ணியால நிறைஞ்ச பாறைக்குள்ள செலுத்தினா, முதல் நாள்ல இருந்தே இயல்பான அழுத்தத்துக்கு மேல போறோம். தீர்ந்துபோன வயல்ல பழைய அழுத்தம் வர்ற வரைக்கும் நிரப்பி நிறுத்திக்கலாம். இது ஏன் முக்கியம்னா, அல்ஜீரியாவோட இன் சாலா திட்டத்துல 2004-ல இருந்து எரிவாயு வயலோட ஓரத்துல, தண்ணி நிறைஞ்ச பகுதிக்குள்ள செலுத்தினாங்க. அழுத்தம் ஏறி, மேல பாலைவனத் தரையே வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் பிடிச்சுக் காட்டுச்சு. மூடு பாறை மேல சந்தேகம் வந்து 2011-ல செலுத்துறதை நிறுத்திட்டாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. மீத்தேனுக்குப் பாஸான மூடி, கார்பன் டை ஆக்சைடுக்கும் அப்படியே பாஸ்னு கண்ணை மூடிச் சொல்லிட முடியாது. ரெண்டும் வேற வேற குணம். கார்பன் டை ஆக்சைடு தண்ணியோட சேர்ந்தா அமிலம் ஆகும், மீத்தேன் ஆகாது. ஆனா இதுக்கும் இயற்கையே ஒரு உதாரணம் வெச்சிருக்கு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிராவோ டோம்னு ஒரு வயல். அதுல இருக்கிறதே இயற்கையான கார்பன் டை ஆக்சைடுதான். பத்து லட்சம் வருஷத்துக்கும் மேலா அங்கயே இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது.

ஆக, எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சாச்சு. நல்ல இடமாப் பாத்து வெச்சா பாறை தாங்கும். மீதிப் பாதிதான் நம்மளைப் பத்தினது.

ஓட்டை போட்டது யாரு?

இயற்கை மூடி போட்டு வெச்ச பாத்திரத்துல ஓட்டை போட்டது நாமதான். எரிவாயு எடுக்கணும்னா மூடு பாறையைத் துளைச்சுக்கிட்டுத்தான் கிணறு இறங்கணும். ஒரு வயல்ல சில கிணறுகளும் இருக்கலாம், பழைய நிலப்பகுதி எண்ணெய் வயல்னா நூத்துக்கணக்குலயும் இருக்கலாம். வேலை முடிஞ்ச கிணத்தை சிமென்ட் அடைப்பு போட்டு மூடுவாங்க. ஆனா ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி மூடினவங்களுக்கு, என்னிக்காவது ஒருநாள் இதுக்குள்ள அழுத்தத்தோட கார்பன் டை ஆக்சைடு வரப்போகுதுன்னு தெரியுமா?

கிணத்தோட குறுக்குவெட்டைப் பாத்தா நடுவுல இரும்புக் குழாய், அதைச் சுத்தி சிமென்ட், அதைச் சுத்தி பாறை. ஈரத்தோட சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலம் ஆகும். நம்ம கோலி சோடாவுல நாக்கைச் சுருக்குன்னு பிடிக்குதே, அதேதான். அது இரும்பை அரிக்கும், போர்ட்லேண்ட் சிமென்ட்டோடவும் வினைபுரியும்.

அப்போ எல்லா கிணறும் கரைஞ்சுடுமா? அப்படியும் இல்ல. டெக்சாஸ்ல சாக்ராக்னு ஒரு எண்ணெய் வயல். 1972-ல இருந்து கார்பன் டை ஆக்சைடு செலுத்துற இடம். அங்க சுமார் 30 வருஷம் அதோட தொடர்புல இருந்த ஒரு கிணத்து சிமென்ட்டை வெட்டி எடுத்து ஆராய்ஞ்சு 2007-ல முடிவை வெளியிட்டாங்க. சிமென்ட் ஓரங்கள்ல மாறியிருந்தது, ஆனா அடைப்புத் தன்மையை இழக்கல. பிரச்சினை பெரும்பாலும் சிமென்ட்டுக்குள்ள இல்ல, சிமென்ட்டும் இரும்பும், சிமென்ட்டும் பாறையும் ஒட்டுற இடத்துல இருக்கிற மெல்லிய இடுக்குல. பூச்சு வேலை நல்லா இருந்தா தாங்கும், ஒட்டாம விட்டிருந்தா அது வழியா கசியும். வீட்டு பாத்ரூம் குழாய் ஓரத்துல ஒழுகுற கதைதான்!

அதனால எந்த வயலைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை பாறையைப் பாக்கிறது மட்டும் இல்ல. ஒவ்வொரு பழைய கிணத்தோட ஃபைலையும் தேடி எடுத்து, அடைப்பு எந்த ஆழத்துல இருக்கு, மூடு பாறைக்கு நேரா இருக்கான்னு பாத்து, சரியில்லன்னா மறுபடி இறங்கி அடைக்கணும். இந்த வேலைக்குப் பெட்ரோலியம், சிவில், மெக்கானிக்கல் மூணு பேரும் வேணும்.

ஊத்துறதும் லேசு இல்ல

இப்போ ஒரு உண்மையான இடத்துக்குப் போவோம். நெதர்லாந்தோட ரோட்டர்டாம் துறைமுகம். சுத்திகரிப்பு ஆலைகளும் ஹைட்ரஜன் ஆலைகளும் நிறைஞ்ச இடம். அங்க போர்தோஸ்னு ஒரு திட்டம். ஷெல், எக்ஸான்மொபில், ஏர் லிக்விட், ஏர் புராடக்ட்ஸ் ஆலைகள்ல பிடிக்கிற கார்பன் டை ஆக்சைடைத் துறைமுகம் முழுக்கப் போற ஒரு பொதுக் குழாய்ல வாங்கி, கரையில இருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி வட கடலுக்கு அடியில, 3 கி.மீ.க்கு மேல ஆழத்துல இருக்கிற பி18-ங்கிற தீர்ந்துபோன எரிவாயு வயல்கள்ல வைக்கிறதுதான் யோசனை. வருஷத்துக்கு 25 லட்சம் டன், 15 வருஷம், மொத்தம் சுமார் 3.7 கோடி டன். எரிவாயு எடுத்த அதே கடல் மேடையைத்தான் இதுக்கும் பயன்படுத்துறாங்க.

காலி வயல்ல நிரப்புறது சுலபம்தானேன்னு தோணும். நம்ம காலேஜ்ல தீயணைப்பு டெமோ காட்டினப்போ கவனிச்சீங்களா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் திறந்ததும் அந்தக் கறுப்புக் கூம்பு வாயில வெள்ளையா பனி படிஞ்சது. அதிக அழுத்தத்துல இருந்து திடீர்னு குறைஞ்ச அழுத்தத்துக்கு வந்தா அந்த வாயு பயங்கரமா குளிரும். ஜூல்-தாம்சன் விளைவு, ரெண்டாம் வருஷம் ரெண்டு மார்க் கேள்வி.

எடுத்து முடிச்ச வயல்ல முதல்ல முன்னூறு பாருக்கு மேல இருந்த அழுத்தம், சில பத்து பாருக்குக் குறைஞ்சு கிடக்கும். அதுக்குள்ள அடர்த்தியான கார்பன் டை ஆக்சைடை அப்படியே திறந்துவிட்டா கிணத்துக்குள்ள இதே சிலிண்டர் கதை நடக்கும். குழாய் சுருங்கும், சிமென்ட் விரிசல் விடலாம். பாறையில இருக்கிற ஈரத்தோட சேர்ந்து ஹைட்ரேட்னு ஒரு ஐஸ் மாதிரி பொருள் உருவாகி வழியை அடைச்சுடலாம். அதனால ஆரம்பத்துல அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து அளந்து, பதமாத்தான் செலுத்தணும். வயல் நிரம்பி அழுத்தம் ஏற ஏற இந்தத் தலைவலி குறையும். குழாய்க்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடியே ஈரத்தை நல்லா உலர்த்திடணும், இல்லன்னா அரிப்பு.

இதெல்லாம் முன்னாடியே செஞ்சு பாத்த விஷயங்கள்தான். நெதர்லாந்துலயே கே12-பி ங்கிற கடல் வயல்ல, எடுக்கிற எரிவாயுவோட கலந்து வர்ற கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சு 2004-ல இருந்து அதே பாறைக்குத் திருப்பி அனுப்பினாங்க. ஆஸ்திரேலியாவோட ஒட்வே திட்டத்துல 2008, 2009-ல ஒரு தீர்ந்த வயலுக்குள்ள சுமார் 65,000 டன் செலுத்தி, அடையாளம் தெரியறதுக்குத் தடய வாயுக்களையும் கலந்து விட்டுக் கண்காணிச்சாங்க. போர்தோஸ்ல புதுசு, அளவுதான்.

கசிஞ்சா எப்படித் தெரியும்?

ஸ்லெய்ப்னர் மாதிரி தண்ணிப் பாறையில நில அதிர்வு அலைகளை அனுப்பிப் படம் எடுத்தா, கார்பன் டை ஆக்சைடு பரவியிருக்கிற இடம் பளிச்சுனு தெரியும். தீர்ந்த எரிவாயு வயல்ல இந்த வித்தை அவ்வளவா பலிக்காது. ஏற்கெனவே அங்க மிச்சம் மீதி எரிவாயு இருக்கு, படத்துல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்.

அங்க நம்பகமான கருவி பிரஷர் கேஜ்தான். டயருக்குக் காத்து அடிக்கிற மாதிரி. இவ்வளவு டன் உள்ள போனா இவ்வளவு அழுத்தம் ஏறணும்னு பழைய பதிவுகளை வெச்சுக் கணக்குப் போட்டுடலாம். கணக்குக்கு ஏத்த மாதிரி ஏறலன்னா எங்கயோ பஞ்சர். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க.

பயப்பட வேண்டியது எதுக்குன்னு எனக்குப் படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சது. மூணு கி.மீ. ஆழத்துல இருக்கிறதை விட, ஊர் வழியா போற குழாய்தான் நமக்குக் கிட்ட இருக்கு. 2020 பிப்ரவரி 22, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துல சட்டார்ஷியாங்கிற சின்ன ஊர். பெரு மழைக்குப் பிறகு மண் சரிஞ்சு, பக்கத்துல போன கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைஞ்சது. இந்த வாயு காத்தை விட ஒன்றரை மடங்கு கனம். மேல போய்க் கலையாம பள்ளத்துல இறங்கித் தேங்கும். ஆக்சிஜன் இல்லாம கார் இன்ஜின்கள் நின்னுபோச்சு. தப்பிச்சுப் போறதுக்கு வண்டியே ஓடல, யோசிச்சுப் பாருங்க. சுமார் 200 பேரை வெளியேத்தினாங்க. 45 பேர் மருத்துவமனைக்குப் போனாங்க. நல்லவேளையா யாரும் சாகல.

காலுக்குக் கீழ வைக்கலாமா?

போர்தோஸ் ஏன் கடலுக்குப் போச்சுங்கிறதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அதே ரோட்டர்டாம் பக்கத்துல பாரென்ட்ரெக்ட்னு ஒரு ஊர். அந்த ஊருக்கு அடியில ரெண்டு தீர்ந்த எரிவாயு வயல். ஷெல்லோட சுத்திகரிப்பு ஆலையில இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடை அங்க வைக்கலாம்னு திட்டம் போட்டாங்க. தூரம் கம்மி, வயல் தயார், ஆழமும் சரி. இன்ஜினியர் கண்ணுக்கு நல்ல இடம்.

ஊர் மக்கள் கண்ணுக்கு அப்படித் தெரியல. எங்க வீட்டுக்கு அடியில ஏன்? எல்லாம் முடிவு பண்ணிட்டு அப்புறம் வந்து ஏன் விளக்கம் சொல்றீங்க? நகராட்சி மன்றமும் எதிர்த்தது. 2009-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தும் எதிர்ப்பு அடங்கல. 2010 நவம்பர்ல, உள்ளூர் ஆதரவு இல்லைன்னு சொல்லி அரசே கைவிட்டது. அதுக்கப்புறம் அந்த நாட்டுல பேச்சு நிலத்தை விட்டுக் கடலுக்குப் போயிடுச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு நெடுவாசல் ஞாபகம் வந்தது. 2017-ல அந்தப் போராட்டம் நடந்தப்போ நான் எட்டாங்கிளாஸ். அங்க எடுக்கிறதுக்கு எதிர்ப்பு, பாரென்ட்ரெக்ட்ல வைக்கிறதுக்கு எதிர்ப்பு. வேற வேற திட்டம், வேற வேற ஆபத்து. ஆனா எங்க காலுக்குக் கீழ நடக்கப்போறதை எங்ககிட்ட எப்போ கேட்டீங்கங்கிற கேள்வி ரெண்டு ஊருக்கும் பொதுவா இருக்கு. இதுக்கு எந்த சிமுலேஷன்லயும் விடை வராது.

கடலுக்குப் போனதாலயும் எல்லாம் சுலபமாகிடல. இதே பி18 வயலை நம்பி ஒரு நிலக்கரி மின் நிலையத்துக்காகப் போட்ட முந்தைய திட்டம் 2017-ல நின்னுபோச்சு. போர்தோஸ் மேலயும் வழக்கு நடந்து, 2023 ஆகஸ்ட்லதான் தீர்ப்பு சாதகமா வந்தது. அதே வருஷம் அக்டோபர்ல சுமார் 130 கோடி யூரோ முதலீட்டுக்கு இறுதி முடிவு எடுத்தாங்க.

யாரு, எத்தனை வருஷம் பாத்துக்கிறது?

வயல் நிறைஞ்சாச்சு, கிணத்தை மூடியாச்சு. கம்பெனி போர்டைக் கழட்டிட்டுப் போயிடலாமா? 2009-ல ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதிப்படி முடியாது. மூடினதுக்கு அப்புறமும் பொதுவா குறைஞ்சது 20 வருஷம் கம்பெனியே பொறுப்பு. எல்லாம் அடங்கி நிலையா இருக்குன்னு காட்டினாத்தான் பொறுப்பு அரசாங்கத்துக்கு மாறும். அப்போவும் அடுத்த 30 வருஷக் கண்காணிப்புக்கு ஆகும் செலவுக்குக் குறையாம பணம் கட்டிட்டுத்தான் போகணும்.

காலம் போகப் போகப் பாதுகாப்பும் கூடும்னு பாடப்புத்தகம் சொல்லுது. முதல்ல மூடி தடுக்குது. அப்புறம் கொஞ்சம் பாறை இடுக்குல சிக்கி நிக்கும், கொஞ்சம் உப்புத் தண்ணியில கரையும், ஆயிரக்கணக்கான வருஷத்துல கொஞ்சம் கல்லாவே மாறும். ஆனா தண்ணி குறைவா இருக்கிற எரிவாயு வயல்ல கரையறதும் குறைவு. அங்க ரொம்ப காலத்துக்கு மூடியையும், நாம அடைச்ச கிணறுகளையும்தான் நம்பணும்.

எண்ணெய் எடுக்கவா, கார்பன் வைக்கவா?

எண்ணெய் வயல்கள்ல இன்னொரு சிக்கல். கார்பன் டை ஆக்சைடு எண்ணெயோட கலந்தா எண்ணெய் இளகி, சுலபமா நகர்ந்து வரும். அதனால பாதி தீர்ந்த வயல்ல இதைச் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுப்பாங்க. கனடாவோட வெய்பர்ன் வயல் பிரபலமான உதாரணம். 2000-ல இருந்து, அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவுல இருக்கிற நிலக்கரி வாயுவாக்க ஆலையில இருந்து 300 கி.மீ.க்கு மேல குழாய்ல கார்பன் டை ஆக்சைடு வருது. பெரும்பகுதி உள்ளயே தங்குது, உண்மைதான். கூடவே வெளிய வர்ற எண்ணெய்? ஒரு பீப்பாய் எரிஞ்சா சுமார் 430 கிலோ கார்பன் டை ஆக்சைடு மறுபடி வானத்துக்கு. ஒரு கையில வெச்சு மறு கையில எடுக்கிறது. அதனால ஒரு திட்டம் "இவ்வளவு டன் புதைச்சோம்"னு சொன்னா, "கூட என்ன எடுத்தீங்க?"ன்னு கேக்கப் பழகிக்கணும்.

ஒன்பது மணி நேரம்

கடைசியா ஒரு வகுத்தல் கணக்கு. இதைப் போட்டப்போ நானே கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். போர்தோஸ் 15 வருஷத்துல வைக்கப்போறது 3.7 கோடி டன். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிச்சு ஒரு வருஷத்துல விடுறது சுமார் 3,700 கோடி டன். அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதுல ஆயிரத்துல ஒரு பங்குன்னா ஒன்பது மணி நேரம்கூட முழுசா இல்ல. நாம காலையில ஹாஸ்டல்ல இருந்து கிளம்பி, கிளாஸ் முடிஞ்சு, லேப் முடிஞ்சு, டீ குடிச்சுட்டு ரூமுக்குத் திரும்பறதுக்குள்ள உலகம் விட்டுடும்.

அப்போ இது வீண்வேலையா? நான் அப்படி நினைக்கல. சிமென்ட் ஆலையில சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுல இருந்தே கார்பன் டை ஆக்சைடு வருது. கரண்டை முழுக்க சூரியன்ல இருந்து எடுத்தாலும் அது நிக்காது. அந்த மாதிரி இடங்களுக்கு வேற வழி சுலபமா இல்ல. அங்க இது தேவை. ஆனா சூரிய ஒளியிலயும் காத்துலயும் மின்சாரம் எடுக்க முடியுற இடத்துல, "பரவால்ல, அப்புறம் பிடிச்சுப் புதைச்சுக்கலாம்"னு நிலக்கரியை எரிச்சுக்கிட்டே இருக்கிறதுக்கு இது சாக்கா ஆகக்கூடாது. காலி வயல்கள் கம்மி. நிரப்புறதுக்கு வருஷம் ஆகும். வெச்சதை நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் யாராவது பாத்துக்கணும். எதை வைக்கிறோம்னு பாத்து வைக்கணும்.

ஃபைனல் ரிவ்யூவுக்கு அந்த ஸ்லைடை மாத்திட்டேன். அம்புக்குறி இப்போ வெறுமனே நிக்கல. அது உலர்த்தி, கம்ப்ரெஸர், குழாய், கிணறுன்னு இறங்கி, ஒரு மணற்பாறையில போய் முடியுது. மேல மூடு பாறை, பக்கத்துல மூணு பழைய கிணறுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி. எக்ஸ்டர்னல் வேற ஆள், அவர் எங்க ரீபாய்லரைப் பத்தித்தான் கேள்வி கேட்டார். அதுலயும் நான் பல்பு வாங்கினேன், அது தனிக்கதை!

ஜூனியர்ஸ், உங்க ப்ராஜெக்ட் டயகிராம்லயும் வலது ஓரத்துல ஒரு அம்புக்குறி இருக்கும். கழிவு நீர், சாம்பல், பழைய பேட்டரின்னு ஏதாவது எழுதியிருப்பீங்க. ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு தடவை அது மேல விரலை வெச்சு, எங்க போகுதுன்னு நீங்களே கேட்டுப் பாருங்க.